குதிரை மேலிருந்து பார்த்த பூக்கள்

(வானொலியில் நவம்பர் மாதம் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இது இறந்தோரை நினைத்து மன்றாடும் மாதம். கல்லறைத் திருநாளன்று நீங்கள் எல்லாரும் சாமந்தியும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்திருப்பீர்கள். இன்று நானும் பூக்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் கடையில் முழம் போட்டு வாங்கும் பூ அல்ல. இமயமலையில், குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்த காட்டுப் பூக்கள்.

குதிரை என்று பெருமையாகச் சொல்கிறேன். உண்மையில் அது ஒரு கோவேறு கழுதை. நம் ஆண்டவர் எருசலேமுக்குள் எதன்மேல் அமர்ந்து வந்தார் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என்னோடு குருப்பட்டம் பெற்ற நண்பர் ஒருவர் வடக்கே பணிபுரிகிறார். எங்கள் 25ஆம் ஆண்டு நிறைவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவர்தான் அழைத்தார். மாதா விண்ணேற்புத் திருவிழாவை முடித்துவிட்டு ஆகஸ்டு கடைசியில் கிளம்பினேன். ரிஷிகேசிலிருந்து ஜோஷிமட், அங்கிருந்து பத்ரிநாத் போகும் சாலையில் கோவிந்த்காட். அதற்கு மேல் கொஞ்ச தூரம் ஜீப்பு. பிறகு நடக்கவேண்டும், அல்லது குதிரை. என் முழங்கால் பற்றி எங்கள் பங்கு மக்களுக்குத் தெரியும். பீடத்தின் முன் மண்டியிட்டால் எழும்ப ஒரு கை வேண்டும். ஆகவே குதிரை.

அந்தப் பாதையில் இரண்டு வகையான மக்கள் போகிறார்கள். பெரும்பாலோர் சீக்கியத் திருப்பயணிகள். 4,000 மீட்டருக்கு மேல், ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஓர் ஏரிக்கரையில் ஹேம்குண்ட் சாகிப் என்ற அவர்களுடைய குருத்துவாரா இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதை மனதில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகையினர், எங்களைப் போல மலர்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறவர்கள். இரண்டு கூட்டமும் தங்குவது காங்கரியா என்ற ஒரே சிற்றூரில். அங்கிருந்து ஒரு பாதை ஹேம்குண்டுக்கு ஏறுகிறது. மற்றொன்று பள்ளத்தாக்குக்குள் போகிறது.

குதிரையில் போவது ஒரு பாடம். ஏற்றத்தில் முன்னால் சாயவேண்டும், இறக்கத்தில் பின்னால் சாயவேண்டும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். இன்னொன்று, அந்தப் பிராணி எப்போதும் பாதையின் வெளி ஓரத்திலேயே நடக்கும். இரண்டு பக்கமும் மூட்டை தொங்கப் பழகியது. உள்பக்கம் போனால் பாறையில் இடிக்கும் என்று அதற்குத் தெரியும். மேலே மூட்டைக்குப் பதில் சாமியார் உட்கார்ந்திருப்பது அதற்குப் பொருட்டே அல்ல. கீழே பார்த்தால் ஆறு எங்கோ அதலபாதாளத்தில் வெள்ளை நூலாக ஓடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னேன்.

அப்புறம் கண்ணைத் திறந்தேன். ஓரத்தில் போனதால்தான் அந்தச் சரிவு முழுவதும் என் காலடியில் தெரிந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில், ஆள் உயரத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஒரு பூ. எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. நண்பர் கையில் படங்களுள்ள ஒரு புத்தகம் இருந்தது, பார்த்துச் சொன்னார். நம் வீட்டுக் கொல்லையில் வளரும் காசித்தும்பையின் சொந்தம் அது! சின்ன வயதில் அதன் காயைத் தொட்டுத் தெறிக்கவிட்டு விளையாடியிருப்பீர்களே, இதுவும் அப்படியே தெறிக்கிறது. பல மலைச்செடிகள் பனிக்கு அடியில் வேரை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்பவை. இது அப்படி அல்ல. ஒரு கோடையில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதையைத் தெறித்துவிட்டுச் செத்துப்போகிறது. நான் அதை வியந்துகொண்டிருக்கும்போதே என் வாகனம் கழுத்தை நீட்டி ஒரு கொத்தைக் கடித்துத் தின்றது. இன்று இருந்து நாளை அடுப்பில் போடப்படும் புல்லைப் பற்றி ஆண்டவர் சொன்னது, நாளைவரைகூடக் காத்திருக்கவில்லை.

மலைப்பொழிவில் காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொல்கிறார் இயேசு. கிரேக்க மூலத்தில் உள்ள அந்த வினைச்சொல் வெறுமனே பார்ப்பதைக் குறிப்பதல்ல. ஊன்றிக் கற்றுக்கொள்வதைக் குறிப்பது. நானும் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தேன். ஒவ்வொரு பூவையும் பார்த்து, புத்தகத்தில் தேடி, பெயரை எழுதினேன். இரண்டு நாளில் 31 பெயர்கள். அந்தக் குறிப்பேட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் வேறொன்றைச் சொல்லவேண்டும்.

இந்த ஆண்டு தவக்காலத்தில் எங்கள் பங்கில் ஒரு குழந்தையை அடக்கம் செய்தேன். பிறந்து மூன்று நாள். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பத்துக்கு வந்த பிள்ளை. பெட்டி அல்ல அது, இரண்டு கையில் அடங்கும் ஒரு சிறு பேழை. தாய் மருத்துவமனையில், தந்தை கல்லாக நிற்கிறார். பாட்டிதான் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று காலையில் எனக்கு வேறு ஒரு கூட்டம் இருந்தது, தயாரிக்கவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கடவுள் தம் தோட்டத்துக்கு ஓர் அழகான பூவைப் பறித்துக்கொண்டார் என்றேன். நீங்களும் பல அடக்கச் சடங்குகளில் இதைக் கேட்டிருப்பீர்கள். என் வாயிலிருந்தே பலமுறை கேட்டிருப்பீர்கள்.

எல்லாரும் மண் போட்டுவிட்டுப் போனபின் அந்தப் பாட்டி என் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் கேட்டார்: "அவருகிட்டதான் அவ்வளவு பூ இருக்கே சாமி. எங்ககிட்ட ஒண்ணுதானே இருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன். இதுதான் உண்மை.

மறுபடி மலைக்கு வருவோம். இரண்டாம் நாள் ஹேம்குண்டுக்கு ஏறினோம். 6 கிலோமீட்டரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். பாதி வழியில் மரங்கள் நின்றுவிடுகின்றன. பிறகு புல்லும் பாறையும் மேகமும்தான். பாறை இடுக்கு ஒன்றில் நீலக் கசகசாப் பூவைப் பார்த்தேன். தண்டு முழுக்க முள். ஆனால் இதழ், கோயில் பீடத்துப் பட்டை வெளிச்சத்தில் பிடித்ததுபோல மெல்லியது. மழைத்துளி ஒன்று விழுந்தால் கிழிந்துவிடுமோ என்று தோன்றும். அங்கே விழுவது சாதாரண மழையும் அல்ல.

இன்னும் மேலே பிரம்ம கமலம். உத்தராகண்ட் மாநிலத்தின் மலர் அது. கமலம் என்று பெயர். தாமரைக்கும் அதற்கும் உறவில்லை, சூரியகாந்திக் குடும்பம். நாம் இதழ் என்று நினைப்பது பூவின் இதழே அல்ல, வெளிறிய பச்சை மஞ்சளில், எண்ணெய்க் காகிதம் மாதிரி இருக்கும் ஒருவகை இலை. கருஞ்சிவப்பு நிறப் பூக்கள் உள்ளே சிறிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. வெளிச்சம் உள்ளே வரும், குளிர் வராது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி முகம் மட்டும் தெரியும்படி வைத்திருப்பார்களே, அப்படி.

எனக்கு ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. திருப்புகழ்மாலைப் புத்தகத்துக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவரலாம். குதிரைக்காரரிடம் நண்பர் மூலம் கேட்டேன். அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கீழே ஒரு கிராமத்துக்காரர். முதல் நாளிலிருந்து எனக்காகக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் பூவைப் பார்த்தேன், அவர் பாதையைப் பார்த்தார். அவர் பாதையைப் பார்த்ததால்தான் நான் பூவைப் பார்க்க முடிந்தது. அவர் இல்லை என்று தலையசைத்தார். பறிப்பதற்குத் தடை இருப்பது ஒருபுறம். அதைவிட, நந்தாதேவியின் திருநாள் வருமுன் தங்கள் ஊரில் அந்தப் பூவை யாரும் தொடுவதில்லை என்றார். சொன்ன விதத்தில் கோபம் இல்லை. ஒரு பெரியவர் விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல இருந்தது. "இருக்கட்டும் பாபுஜி, அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்" என்றார்.

வேற்று நம்பிக்கையுள்ள ஒரு மனிதர், தாம் கும்பிடும் தெய்வத்தின் பூவைப் பறிக்கக் கூசுகிறார். நானோ ஓர் ஏழைத் தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறிக்கிறவராகக் கடவுளை வருணித்தவன். சேணத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சுட்டது. சாலமோனின் ஞானம் என்ற நூலின் முதல் அதிகாரம் என்ன சொல்கிறது? சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை. வாழ்வோரின் அழிவில் அவர் மகிழ்வதில்லை. குருமடத்தில் படித்ததுதான். தேர்வில் எழுதியதுதான். அந்தப் பேழையின் முன் நின்றபோது ஏன் நினைவுக்கு வரவில்லை? சுலபமான பதில் ஒன்று கைவசம் இருந்ததால்.

மேலே குருத்துவாராவில் எங்களுக்குச் சுடச்சுடத் தேநீரும் கிச்சடியும் கொடுத்தார்கள். யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே இரவு தங்க இடமில்லை. மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கினோம்.

மூன்றாம் நாள் மலர்ப் பள்ளத்தாக்கு. அதற்குள் குதிரைக்கு அனுமதி கிடையாது. கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமந்துபோக ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, நாலு அடிக்கு ஒருமுறை நின்று, நடந்தேன்.

இந்தப் பள்ளத்தாக்கை 1931இல் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேற்றக்காரர் என்பார்கள். காமேத் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும்போது தோழர்களோடு இதற்குள் இறங்கினார். 1937இல் மறுபடி வந்து தங்கி, அடுத்த ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். மலர்ப் பள்ளத்தாக்கு என்ற பெயர் அதனால் உலகெங்கும் பரவியது. இதெல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்பே ஆட்டுக்காரர்கள் கோடைதோறும் அங்கே வந்துகொண்டுதானே இருந்தார்கள்! எங்கள் குதிரைக்காரரின் அப்பாவும் அங்கே ஆடு மேய்த்தவர்.

1982இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. பூக்களைக் காப்பாற்றத்தான். அதன்பின் ஒருவகைப் புதர்ச்செடி இடுப்பளவு உயரத்துக்கு வளர்ந்து, சின்னப் பூக்களை மூடத் தொடங்கியது. ஆடுகள் மிதித்தும் தின்றும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்பது ஊராரின் கருத்து. ஆராய்ச்சியாளர்களிடையே இதில் வாதம் உண்டு. நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் அல்ல. வனத்துறையினர் ஆள் வைத்து அதைப் பிடுங்குகிறார்கள். கோதுமையும் களையும் பற்றிய உவமையில் வீட்டுத் தலைவர் பணியாளரின் அவசரத்தைத் தடுப்பது ஏன் என்று அங்கே நின்று பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. நல்ல எண்ணத்தோடு, அவசரமாகச் செய்கிற காரியத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. என் மறையுரைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு கல்லறைக்கு வந்து சேர்ந்தோம். ஆம், அந்தப் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு கல்லறை. ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. செடிகளைச் சேகரிக்க 1939இல் இங்கே வந்தார். ஜூலை 4ஆம் நாள் பூக்களைச் சேகரிக்கும்போது பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். வயது 54. பின்னர் அவருடைய சகோதரி வந்து அந்தக் கல்லை வைத்தாராம். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அதன் கீழே 121ஆம் திருப்பாடலின் தொடக்கம். மலைகளை ஏறிட்டுப் பார்த்து, எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று தேடுகிற ஒருவரின் மன்றாட்டு அது.

சுற்றிலும் எத்தனை ஆயிரம் பூக்கள். யார் பார்க்கிறார்கள்? ஆண்டில் பாதிக்கு மேல் அங்கே பனி. ஆள் போகிற பாதை ஒரு கோடு. மற்றதெல்லாம் எவர் கண்ணும் படாத சரிவுகள். யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யோபிடம் கேட்கிறார்: மனிதர் வாழாத நிலத்தில் மழை பொழியச் செய்து, அந்தப் பாழ்நிலத்தில் புல் முளைக்கச் செய்கிறவர் யார்? பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதரிடம் இப்படிக் கேட்கிறாரே, இது என்ன ஆறுதல் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அந்தக் கேள்வி விளக்கம் அல்ல. ஏன் என்று யோபு கேட்டதற்கு அதில் பதில் இல்லை. ஆனால் எவரும் பாராத இடத்திலும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எவருக்கும் கணக்கில் வராத ஒரு புல்லுக்கும் மழை அனுப்புகிறேன் என்கிற ஒருவர் அதில் பேசுகிறார். மூன்று நாள் இருந்தது வீணா என்று கேட்டால், அந்தச் சரிவில் நின்றபோது என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவுதான். இதைவிடக் கூடுதலாக எனக்கு அங்கே எதுவும் தெரியவந்தது என்று சொன்னால் பொய்.

நண்பர் அந்தக் கல்லில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். அந்த வழியே போகிற எல்லாருமே அப்படி நின்று வாசிக்கிறார்கள். ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, மொழி தெரியாத நாட்டில், யாரோ ஒரு பெண்ணின் பெயரை யார் யாரோ வாசிக்கிறார்கள்.

எனக்கு அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. அதற்காக ஒரு மன்றாட்டுச் சொல்லலாம் என்று கண்ணை மூடினேன். பெயர் வரவில்லை.

அடக்கத்தன்று உபதேசியார் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். பார்த்து வாசித்தேன். தாளை மடித்து அங்கியில் போட்டேன். அவ்வளவுதான். பையில் குறிப்பேடு இருக்கிறது. அதில் 31 பூக்களின் பெயர்கள், எழுத்துப் பிழை இல்லாமல். என் பங்கில் பிறந்து, என் கையால் அடக்கம் செய்யப்பட்ட பிள்ளையின் பெயர் இல்லை. பெயர் சொல்லி அழைத்தேன் என்று எசாயா வழியாகச் சொன்ன ஆண்டவருக்கு ஊழியம் செய்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கல்லறை அருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி என்று நண்பர் நினைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியபோது வேளாங்கண்ணி நடைப்பயணிகள் சாலையெங்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் இறந்தோர் பதிவேடு இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. எடுக்கவில்லை. மறுநாள் மாலை அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினேன்.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குத் தொழில் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, "தோத்திரம் சாமி" என்றார். நான் உட்கார்ந்து, நேராகவே சொன்னேன். "அம்மா, அன்னைக்குக் கல்லறையில நான் சொன்னது தப்பு. கடவுள் உங்க பிள்ளையைப் பறிக்கல. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல, அதனால அதைச் சொல்லிட்டேன். இன்னொண்ணு, பிள்ளையோட பேரையும் மறந்துட்டேன். நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் அவர் கை மட்டும் தொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு பெயரைச் சொன்னார். அதை வானொலியில் சொல்ல நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே சொல்லமாட்டேன். "ஆஸ்பத்திரியில டாக்டர் கையை விரிச்சதும் நான்தான் சாமி தண்ணி ஊத்தினேன்" என்றார். "குழாய்த் தண்ணிதான். பிதா சுதன் போட்டு, பேரைச் சொல்லி ஊத்தினேன். அது செல்லுமா சாமி? அன்னையிலேருந்து கேக்கணும்னு இருந்தேன். நீங்க வரவேயில்ல."

செல்லும் அம்மா, என்றேன். முழுசாகச் செல்லும். குழாய்த் தண்ணீர் போதும்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் மருமகளை எழுப்பினார். அந்தப் பெண் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லறைத் திருநாளுக்கு ஒரு பூசை வைக்கவேண்டும், பீடத்திலிருந்து பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். குறிப்பேட்டை எடுத்தேன். 31ஆம் எண்ணுக்குக் கீழே இடம் இருந்தது. எழுத்தைச் சரிபார்க்கும்படி தாயிடம் காட்டினேன். ஒரு கால் விட்டுப்போயிருந்தது, திருத்திக் கொடுத்தார்.